ஹாட்ஸ்பாட்டில் பெயர் காட்டும் லேப்டாப்புக்கு எதற்குப் புது மதர்போர்டு?

கேள்வி: சார், நான் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. 2021-இல் வாங்கிய 15.6 இன்ச் லேப்டாப், ஐ5, 11-ஆம் தலைமுறை. போன வாரம் ஆன் செய்தால் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் 590 ரூபாய் வாங்கிக்கொண்டு, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 24,500 ஆகும், உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெருக் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் "ஐசி போயிருக்கும், 6,500 கொடுங்க" என்கிறார், ஐசி என்றால் போர்டில் இருக்கும் சிப்பாம். என் தம்பியோ, யூடியூபில் இதே மாடலைப் பிரிக்கும் வீடியோ இருக்கிறது, 600 ரூபாய்க்கு ஸ்க்ரூடிரைவர் செட் வாங்கினால் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கடைசி மூன்று அத்தியாயங்கள் அதில்தான் இருக்கின்றன, வேறெங்கும் காப்பி இல்லை. மூடியின் இடது பக்க ஹிஞ்ச் (கீல்) நாலைந்து மாதமாகவே உடைந்திருக்கிறது, திறக்கும்போது மூலை பிளந்துகொண்டு சத்தம் வரும், அது வேறு விஷயம். இன்னொரு வேடிக்கை, என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதில் இந்த லேப்டாப்பின் பெயர் வருகிறது. செத்துப்போன லேப்டாப் எப்படி சார் கனெக்ட் ஆகும்? தம்பியைப் பிரிக்க விடலாமா?

பதில்: மேடம், நீங்கள் "வேடிக்கை" என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். செத்துப்போன லேப்டாப் கனெக்ட் ஆகாது. ஹாட்ஸ்பாட்டில் பெயர் வரவேண்டுமென்றால் பிராசசர் ஓடவேண்டும், ரேம் வேலை செய்யவேண்டும், ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி படிக்கப்பட வேண்டும், விண்டோஸ் முழுசாக ஏறி லாகின் பக்கம் வரை வந்து, வைஃபை டிரைவரும் எழுந்து, ஏற்கெனவே தெரிந்த உங்கள் போனைத் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தனையும் நடக்கிறது. உங்கள் லேப்டாப் தினமும் ஒழுங்காக ஆன் ஆகி, பாஸ்வேர்டு போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, உங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அப்புறம் "அது வேறு விஷயம்" என்று ஒதுக்கினீர்களே அந்த ஹிஞ்ச், அதுவும் வேறு விஷயம் இல்லை. அதற்கு வருகிறேன்.

தம்பியைப் பிரிக்க விடலாமா என்பதற்கு முன்னால், ஸ்க்ரூடிரைவரே தேவைப்படாத ஒரு வேலை இருக்கிறது. இதை இன்றைக்கே செய்யுங்கள். லேப்டாப்பை அசைக்காமல் மேசைமேல் வைத்து, சார்ஜரைப் போட்டு, ஒரு எச்டிஎம்ஐ கேபிளில் உங்கள் வீட்டு டிவியோடு இணையுங்கள். செட்டாப் பாக்ஸுக்குப் போகும் கேபிளைக் கழற்றினாலே போதும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. டிவி ரிமோட்டில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு லேப்டாப்பை ஆன் செய்து ஒரு இரண்டு நிமிடம் பொறுங்கள். படம் தானாகவே வந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் கீபோர்டில் விண்டோஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பி எழுத்தை ஒரு தட்டு தட்டி, என்டர் அழுத்திப் பாருங்கள், பிறகு இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று பாருங்கள். திரையை எங்கே காட்டுவது என்று மாற்றும் குறுக்குவழி அது. கல்லூரியில் புரொஜெக்டரில் போட்டுப் பாடம் எடுத்திருப்பீர்கள் அல்லவா, அதே சங்கதிதான், வீட்டில் டிவி இல்லையென்றால் அந்தப் புரொஜெக்டரே போதும்.

டிவியில் உங்கள் டெஸ்க்டாப் தெரிந்த நிமிடமே வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஆய்வேடு ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவுக்கும், கூகுள் டிரைவுக்கும் ஏற்றுங்கள், இரண்டிலும். குறிப்புகள், மேற்கோள் பட்டியல், ஸ்கேன் செய்த பக்கங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அத்தியாயங்களை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பென் டிரைவைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு ஃபைல் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்க வேண்டும்.

சரி, எடுத்துவிட்டீர்களா? இப்போது இன்னும் இரண்டு சோதனை. அறையில் விளக்கை அணைத்துவிட்டு, லேப்டாப் ஆன் ஆகியிருக்கும்போது போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். மங்கலாக எழுத்தோ ஐகானோ நிழல் போலத் தெரிந்தால், படம் பேனலுக்கு, அதாவது திரைக்கு, வருகிறது, அதன் பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் எரியவில்லை, அதாவது பேக்லைட் லைனில் கோளாறு. எதுவுமே தெரியாவிட்டால் படமே வரவில்லை. அடுத்து, மூடியின் மேல் விளிம்பை நடுவில் பிடித்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக, முன்னும் பின்னும் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை மின்னினாலோ, கோடு கோடாக வந்து போனாலோ முடிந்தது விவகாரம், டிஸ்ப்ளே கேபிள்தான். மின்னாவிட்டாலும் கேபிள்தான் என் முதல் சந்தேகம், பேனல் இரண்டாவது. அதற்குப் பிறகு மூடியைத் தொடாதீர்கள், திறந்தது திறந்தபடியே இருக்கட்டும்.

ஏன் கேபிள் என்கிறேன் என்றால், மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் அந்த மெல்லிய கேபிள் ஹிஞ்ச் ஓரமாகத்தான் வளைந்து மேலே ஏறுகிறது. முடி போல மெல்லிய கம்பிகள் கட்டுக்கட்டாக, மேலே ஒரு கறுப்புத் துணி டேப் சுற்றி இருக்கும். ஹிஞ்ச் ஒழுங்காக இருக்கும்வரை மூடியைத் திறந்தாலும் மூடினாலும் அது ஒரே இடத்தில் மெதுவாக வளையும், வருஷக்கணக்கில் தாங்கும். ஹிஞ்ச்சைப் பிடித்திருக்கும் பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்ந்துவிட்டால் கதையே வேறு. நீங்கள் மூடியைத் தூக்கும்போதெல்லாம் இரும்பு ஹிஞ்ச் தன் இஷ்டத்துக்கு எழும்பி, அந்த மூலையைப் பிளந்து, கேபிளை ஒரு பக்கம் இழுத்து இன்னொரு பக்கம் நசுக்கும். நாலைந்து மாதம் இப்படி நடந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடையில் இப்படி வரும் லேப்டாப்பைப் பிரித்தால் அந்த வளைவில் டேப் தேய்ந்து, செம்பு நிறத்தில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும், ரெண்டு மூன்று இழை அறுந்தும் இருக்கும். மூடியைத் தொடாதீர்கள் என்றதும் இதனால்தான். பேக்லைட்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் இழையும் அதே கட்டில்தான் வருகிறது, தோல் உரிந்த அந்த இழை ஹிஞ்ச்சின் இரும்பில் பட்டால் போர்டில் இருக்கும் பேக்லைட் ஃபியூஸ் போகலாம். இன்றைக்குக் கேபிளோடு முடியும் செலவு நாளைக்கு நிஜமாகவே போர்டு வேலையாகிவிடும்.

சர்வீஸ் சென்டர்காரர்கள் உங்களை ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பாகத்தை மாற்றுவார்கள், பாகத்தை ரிப்பேர் செய்யமாட்டார்கள், எங்கள் தொழிலில் இதைக் கார்டு லெவல் என்போம். திரை வரவில்லை, போர்டிலிருந்து பிறக்கும் பிரச்சினை என்று செக்லிஸ்டில் டிக் ஆகிவிட்டால் போர்டுக்குக் கொட்டேஷன் போட்டுவிடுவார்கள். வேறொரு மானிட்டரில் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தெருக்கடைக்காரர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம், ஏனென்றால் அவர் என் இனம். திறக்காமல், மீட்டரை எடுக்காமல் "ஐசி போயிருக்கும்" என்பது, காய்ச்சல் என்று வந்தவரிடம் காத்துக்கருப்பு அடித்திருக்கும் என்று சொல்வது போலத்தான். எந்த ஐசி, அது என்ன வேலை செய்கிறது, அதற்கு வரவேண்டிய வோல்ட் வருகிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் நிஜமாகவே சிப் லெவல், அதாவது போர்டில் இருக்கும் சிப்பையே பழுதுபார்க்கும் வேலை, தெரிந்தவர் உற்சாகமாகி அரை மணி நேரம் விளக்குவார், மற்றவர் எரிச்சலாவார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாடிப்படி ஓரத்தில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, கம்பெனி கைவிட்ட போர்டுகளை எழுப்பிக்கொடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள், அவர்களைச் சேர்த்து நான் இதைச் சொல்லவில்லை.

ஆனால் அந்த 24,500-க்கு நீங்கள் சரி என்று சொல்லியிருந்தால் பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று நடந்திருக்கலாம். இப்போது வரும் பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு விண்டோஸுக்குள் நுழைந்த உடனேயே எஸ்எஸ்டி தானாகப் பூட்டிக்கொள்கிறது, பிட்லாக்கர் என்று பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களிடம் கேட்காமலே நடக்கும், அதனால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. அந்தப் பூட்டின் சாவி அந்த மதர்போர்டோடு பிணைந்தது. போர்டை மாற்றிவிட்டால் பழைய எஸ்எஸ்டி அப்படியே இருக்கும், ஆனால் ஆன் செய்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நீல நிறத் திரை வந்து நிற்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும், கணக்கு எந்த மின்னஞ்சலில் திறந்தது, பாஸ்வேர்டு என்ன என்பது ஞாபகம் இருந்தால் பிழைத்தீர்கள். லேப்டாப் வாங்கிய கடைப் பையனே அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்கு உருவாக்கிக் கொடுத்திருந்தால் அத்தியாயம் மூன்றும் அம்போதான். ஆகவே போர்டு சம்பந்தப்பட்ட எந்த வேலைக்குக் கொடுப்பதாக இருந்தாலும், போனிலிருந்தோ வேறு கம்ப்யூட்டரிலிருந்தோ அந்தக் கணக்கில் நுழைந்து டிவைஸ் பட்டியலில் ரெகவரி கீயைக் கண்டுபிடித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இப்போதைய வேலைக்கு அது தேவைப்படாது. இருந்தாலும் எழுதி வையுங்கள்.

இப்போது தம்பிக்கு வருவோம்.

சொந்தமாகப் பிரிக்கலாமா என்று கேட்டு வரும் கடிதங்களில் எல்லாரும் கேட்பது "என்னால் முடியுமா" என்பதுதான். முடியும், அது பெரிய விஷயமே இல்லை. கை நடுங்காத, பொறுமை உள்ள யாராலும் லேப்டாப்பைப் பிரித்துச் சேர்க்க முடியும், இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் யாரும் அம்மா வயிற்றிலிருந்து கற்றுக்கொண்டு வரவில்லை. நான் கேட்கச் சொல்வது வேறு: சொதப்பினால் என்ன போகும், அதை இழக்க நான் தயாரா? ரேம் மாற்றும்போது சொதப்பினால் பெரும்பாலும் ஆன் ஆகாது, திரும்பக் கழற்றி ஒழுங்காகச் சொருகினால் ஆன் ஆகும். எஸ்எஸ்டியும் அப்படியே, அடி மூடியைத் திறந்தால் ஒரே ஸ்க்ரூ. ஃபேன் சுத்தம் செய்வது, நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியை மாற்றுவது இவையெல்லாம் தாராளமாக வீட்டில் செய்யலாம், செய்யவும் வேண்டும், இதற்கெல்லாம் எங்களுக்கு வந்து கூலி கொடுப்பது வீண். கீபோர்டு கொஞ்சம் யோசிக்க வேண்டியது, நிறைய மாடல்களில் அதைப் பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கி ஒட்டியிருப்பார்கள், ஸ்க்ரூவைத் தேடித் தேடி ஏமாந்துபோவீர்கள். சாலிடர் செய்த எதிலும் கை வைக்கக்கூடாது. டச்பேடு மேலே தூக்கிக்கொண்டோ, அடி மூடி உப்பிக்கொண்டோ இருந்தால் உள்ளே பேட்டரி ஊதியிருக்கிறது என்று அர்த்தம், அதை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் தீப்பிடிக்கும், சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேரே கடைக்கு எடுத்துப் போகவேண்டும், அதில் விளையாட்டே கூடாது.

பிரிப்பவர்கள் கெடுப்பது பெரும்பாலும் பிரிக்கும்போது இல்லை, மூடும்போது. ஒரு கல்லூரிப் பையன் தானே எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸும் ஏற்றி, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, டச்பேடு மட்டும் வேலை செய்யவில்லை என்று கொண்டுவந்தான். பார்த்தால் கை வைக்கும் இடத்தில் சின்னதாக ஒரு மேடு தட்டியிருந்தது. அடி மூடியில் ஹிஞ்ச் பக்கம் போடும் ஸ்க்ரூக்கள் நீளம், முன்பக்கம் போடுபவை குட்டை, பல மாடல்களில் இப்படித்தான். இவன் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, மூடும்போது கைக்கு வந்ததை முறுக்கியிருக்கிறான். நீள ஸ்க்ரூ குட்டைத் துளைக்குள் இறங்கி, டச்பேடு ரிப்பன் கேபிளைக் குத்திக்கொண்டு மேல் பிளாஸ்டிக்கையும் முட்டியிருந்தது. "கடைசியில கொஞ்சம் டைட்டா இருந்துச்சு அண்ணே, அழுத்தி முறுக்கினேன்" என்றான். டைட்டாக இருந்தால் நிறுத்த வேண்டும், அது மட்டும்தான் அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்த பாடம். ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பகுதியைச் சதுரமாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அங்கே செல்லோ டேப் போட்டு ஒட்டிவைத்தால் இது நடக்காது. நாங்கள் காந்தப் பாய் வைத்திருக்கிறோம், உங்களுக்குத் தாள் போதும்.

தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லவேண்டியது இன்னொன்று உண்டு. அடி மூடியைத் திறந்த கையோடு, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், பேட்டரியின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்ற வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டோம், ஷட்டவுன் செய்துவிட்டோம் என்பதெல்லாம் போதாது. பழைய லேப்டாப்பில் பேட்டரி வெளியே இருந்தது, நெம்பினால் வந்துவிடும், இப்போது உள்ளே இருந்துகொண்டு போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதைக் கழற்றாமல் டிஸ்ப்ளே கேபிளைப் பிடுங்கிச் சொருகுவதுதான் நல்ல போர்டைக் கெடுக்க இருப்பதிலேயே சுருக்கமான வழி. கனெக்டர் லேசாகச் சாய்வாக உட்கார்ந்தால் போதும், பேக்லைட் வோல்ட் போகக்கூடாத பின்னுக்குப் போய்விடும். கண்ணுக்குப் பொறிகூடத் தெரியாது. யூடியூப் வீடியோவில் இதை வேகமாகத் தாண்டிப் போவார்கள், அவர்களுக்குக் கை பழகியது, அவசரத்தில் சொல்ல மறந்தும் போவார்கள்.

வீடியோவைவிடக் கம்பெனியின் சர்வீஸ் மேனுவலே நல்லது, அதை யாரும் தேடுவதே இல்லை. எச்பி, டெல், லெனோவா மூன்றும் பெரும்பாலான மாடல்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று படத்தோடு விளக்கும் பிடிஎஃப்-ஐத் தங்கள் தளத்திலேயே இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். எந்த ஸ்க்ரூ எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பாகத்துக்கு முன்னால் எதைக் கழற்றவேண்டும், பாகத்தின் நம்பர் என்ன எல்லாம் அதில் இருக்கும். ஒரே மாடல் பெயரில் நாலு விதமான போர்டும் இரண்டு விதமான கேபிளும் வருவதால், வீடியோவில் இருப்பது உங்களுடையதுதான் என்று நம்பி ஆன்லைனில் கேபிள் ஆர்டர் செய்தால் 30 பின்னுக்குப் பதில் 40 பின் வந்து நிற்கும். அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கும், இப்போதே ஒரு படம் எடுத்துவையுங்கள்.

இனி உங்கள் வேலை. கேபிள் மாற்றுவது மட்டும் என்றால் தம்பிக்கு நான் ஓகே சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுக்குக் கேபிளோடு ஹிஞ்ச்சும் சேர்ந்திருக்கிறது, ஹிஞ்ச்சைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போட்டால் அதுவும் சில மாதத்தில் இதே கதிக்குப் போகும். ஹிஞ்ச் வேலைக்கு அடி மூடி, பேட்டரி, பிறகு திரைச்சுற்று பிளாஸ்டிக் எல்லாம் கழன்று வரவேண்டும். அந்தத் திரைச்சுற்று உள்பக்கமாகக் கொக்கிகளால் கவ்வியிருக்கும், இடது மூலை ஏற்கெனவே பிளந்திருப்பதால் அங்கிருந்து நெம்பத் தோன்றும், அங்கே கண்ணாடிக்கும் ஹிஞ்ச்சுக்கும் இடைவெளியே இல்லை, ஸ்க்ரூடிரைவர் முனை ஒரு நூல் உள்ளே போனால் பேனல் போச்சு. மெல்லிய மாடல்களில் பேனலுக்கு ஸ்க்ரூவும் கிடையாது, இரண்டு பக்கமும் ரப்பர் போல இழுபடும் டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், அதை ஓரத்தில் பிடித்து நேராக, நிதானமாக இழுக்கவேண்டும், பாதியில் அறுந்துவிட்டால் பேனலைப் பின்னாலிருந்து நெம்ப வேண்டிவரும், அங்கேதான் கண்ணாடி கீறும். இதெல்லாம் தாண்டினால்தான் பிய்ந்துபோன பித்தளை நட்டுகளுக்கே வருவோம்.

அந்த நட்டுகளுக்கு வீட்டு வைத்தியமாக ஃபெவிக்விக் ஊற்றுவதை மட்டும் தயவுசெய்து செய்யவேண்டாம். அது ஹிஞ்ச்சின் இழுவைக்கு நிற்காது, ஓடிப்போய் மரைக்குள் உறைந்துகொள்ளும், சில சமயம் ஹிஞ்ச்சுக்குள்ளேயே இறங்கி மூடியை மொத்தமாக இறுக்கிவிடும். சுத்தமாகச் செய்வதென்றால் உடைந்த மேல் மூடியையே மாற்றவேண்டும், எங்கள் பாஷையில் ஏ பேனல். இல்லையென்றால் இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியில் நட்டைப் புதைத்து ஒரு நாள் முழுக்க அசையாமல் காயவிட வேண்டும், அதுவும் ஒழுங்காகச் செய்தால் நிற்கும். எதைச் செய்தாலும், இது கடைக்காரர்களிலேயே பாதிப் பேர் செய்யாத விஷயம், ஹிஞ்ச் இரும்பின் முனையில் இருக்கும் நட்டை ஒரு கால் சுற்று தளர்த்த வேண்டும். பிளாஸ்டிக் பிய்ந்ததே ஹிஞ்ச் இறுகிப்போனதால்தான். அதே இறுக்கத்தோடு புது ஏ பேனலை மாட்டினால், அடுத்த வருடம் மறுபடி இதே மூலை. மூடியை மூலையில் பிடித்துத் திறக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லாருக்கும் இருக்கிறது, கையில் காபி டம்ளர் இருந்தால் அப்படித்தான் திறக்க வரும். நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும்.

ஆகவே என் பதில்: இந்த வேலையைத் தம்பியின் முதல் வேலையாகக் கொடுக்கவேண்டாம், அதுவும் இந்த இரண்டு மாதத்தில் வேண்டவே வேண்டாம். உண்மையைச் சொன்னால் இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் இதை ரிப்பேருக்கே கொடுக்கவேண்டாம். டிவியில் படம் வந்துவிட்டால் உங்களிடம் ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர் இருக்கிறது, திரை மட்டும்தான் இல்லை. யாரிடமாவது ஒரு பழைய மானிட்டரை இரவல் வாங்குங்கள், அல்லது பழைய சாமான் கடையில் எச்டிஎம்ஐ இருக்கும் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குங்கள், 300 ரூபாய் மவுஸ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு மேசையில் நிரந்தரமாக உட்கார வைத்து ஆய்வேட்டை முடியுங்கள். கடையில் கொடுத்தால் கேபிள் வரவில்லை, பேனல் ஸ்டாக் இல்லை, நாளை வாருங்கள் என்று வாரக்கணக்கில் இழுப்போம், எங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா. சமர்ப்பித்த பிறகு நிதானமாகப் பாருங்கள். 2021-இல் வாங்கிய 11-ஆம் தலைமுறை லேப்டாப் விண்டோஸ் 11 தாங்கும், இன்னும் சில வருடம் ஓடும், இதைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்கும் நிலை இல்லை. பழுதுச் செலவு பாதி விலையைத் தாண்டினால் புதிது வாங்கு என்று ஒரு கணக்கு சொல்வார்களே, அது எனக்குப் பிடிக்காது, பழுது எதுவென்று தெரிவதற்கு முன்னாலேயே போடும் கணக்கு அது. உங்களையே பாருங்கள், 24,500 என்றால் ஒரு முடிவு, கேபிள் என்றால் வேறு முடிவு.

தம்பியின் ஆர்வத்தை அணைக்கவும் வேண்டாம். 2011-இலிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் ஒன்று நம் ஊரில் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கட்டாயம் கிடக்கும். பேட்டரி ஊதாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைக் கேட்டு வாங்கி, முழுசாகப் பிரித்து, தூசி தட்டி, திரும்பச் சேர்க்கட்டும். ஸ்க்ரூ ஒன்றும் மிஞ்சாமல் சேர்ந்து, ஆன் ஆனால் உங்களுடையதில் அடி மூடியைத் திறந்து ஃபேன் சுத்தம் செய்ய விடுங்கள். 600 ரூபாய் செட் வாங்கலாம், ஆனால் அதில் இருக்கும் நாற்பது முனைகளில் லேப்டாப்புக்கு அவன் தொடப்போவது பிஎச் 0, பிஎச் 00 என்ற கூட்டல் குறி முனைகள், சில மாடல்களுக்கு டி5 என்ற நட்சத்திர முனை, அவ்வளவுதான். மலிவு செட்டில் முனை மெத்தென்று இருந்தால் ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும், அதனால் பிஎச் 0 மட்டும் தனியாக நல்லதாக ஒன்று வாங்கச் சொல்லுங்கள். கார்டு மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் நெம்பியும் ஒன்று வேண்டும், பழைய ஏடிஎம் கார்டே போதும்.

கடைக்குப் போகும் நாளில் "டிஸ்ப்ளே வரவில்லை" என்று மொட்டையாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். "எச்டிஎம்ஐயில் படம் வருகிறது, இடது ஹிஞ்ச் உடைந்திருக்கிறது, டிஸ்ப்ளே கேபிளைப் பாருங்கள், ஏ பேனல் மாற்ற எவ்வளவு, ஹிஞ்ச்சைத் தளர்த்திக் கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கே விலை இறங்கும். எங்கள் பக்கத்தில் கேபிள் ஆயிரம் ரூபாய்க்கு அங்கே இங்கே இருக்கும், ஏ பேனலும் ஹிஞ்ச்சும் மாடலைப் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம், கூலி தனி. திரையே போயிருந்தால் அதற்கு இன்னொரு நாலைந்தாயிரம் சேரும். கழற்றிய பழைய கேபிளைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், பாஸ்வேர்டு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, லாகின் பக்கம் தெரிந்தாலே திரை வேலை செய்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

டிவியில் படம் வராமல் போனால் மட்டும், எந்த எச்டிஎம்ஐ போர்ட்டில் போட்டீர்கள், கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா, அப்போதும் ஹாட்ஸ்பாட்டில் பெயர் வருகிறதா என்ற மூன்றையும் குறித்து, அடி ஸ்டிக்கர் படத்தோடு எனக்குத் திரும்ப எழுதுங்கள்.